எடை குறைவு என்றால் எது குறைவு? சிறிய பின்தள ஃபிரேம்வொர்க்குகளை ஒப்பிடும் முறை

கம்பம், உத்தமபாளையம், போடி பக்கத்தில் கணினி படித்து முடித்தவர்கள் ஒரு பக்கம் கோயம்புத்தூரிலும், மலை தாண்டிக் கொச்சியிலும் வேலை தேடுகிறார்கள். இரண்டு ஊர்களின் வேலை விளம்பரங்களிலும் கேட்கப்படுவது வெவ்வேறு ஃபிரேம்வொர்க்குகளின் பெயர்கள். ஒன்று எக்ஸ்பிரஸ் தெரிய வேண்டும் என்கிறது, அடுத்தது ஃபாஸ்ட்ஏபிஐ, மூன்றாவது ஜின். எதைப் படிப்பது என்ற குழப்பம் மாணவர்களுக்கு. எதில் செய்யச் சொல்வது என்ற குழப்பம், தன் வியாபாரத்துக்கு ஒரு சிறிய மென்பொருள் வேண்டும் என்று நினைக்கும் கடைக்காரருக்கு. இரண்டு பேரிடமும் ஒரே பதில்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: "இது லைட்வெயிட், அது வேகம்." இந்தப் பதில் போதாது. எடை எங்கே குறைந்தது, குறைந்த எடை யார் தலையில் ஏறியது என்று கேட்டால்தான் ஒப்பீடு தொடங்கும்.

ஃபிரேம்வொர்க் செய்கிற வேலை

கம்பத்தில் ஒரு ஏலக்காய்க் கடையை எடுத்துக்கொள்வோம். வண்டன்மேடு, கம்பம்மெட்டுப் பக்கத்து விவசாயிகள் காய் கொண்டுவருகிறார்கள். எடை, தரம், விலை எல்லாம் இன்று நோட்டில் ஏறுகின்றன. விவசாயி தன் கணக்கைத் தன் போனிலேயே பார்க்க வேண்டும் என்பது தேவை. போனில் தெரியும் திரை முன்தளம். கணக்கை வாங்கி, சரிபார்த்து, சேமித்து, கேட்டால் எடுத்துக் கொடுப்பது பின்தளம். அது எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிறது.

போனிலிருந்து சர்வருக்குப் போவது உண்மையில் ஒரு சிறு உரைதான். முதல் வரியில் என்ன செய்ய வேண்டும் என்ற சொல்லும் முகவரியும் இருக்கும். பார்க்க மட்டும் என்றால் "கெட்", புதிதாகப் பதிய என்றால் "போஸ்ட்". அதன் கீழே தலைப்புக் குறிப்புகள், அதற்கும் கீழே தரவு. இந்த உரையைக் கையால் பிரித்துப் படிக்கும் நிரலை ஒவ்வொருவரும் எழுதத் தேவையில்லாமல் செய்வதே ஃபிரேம்வொர்க். அதன் அடிப்படை வேலைகள் நான்கு.

1. வழி காட்டுதல். எந்த முகவரிக்கு வந்த கோரிக்கை எந்த நிரல் துண்டுக்குப் போக வேண்டும் என்று அனுப்புவது. இதை ரவுட்டிங் என்கிறார்கள்.

2. பிரித்தெடுத்தல். வந்த உரையிலிருந்து எடை, தரம், பெயர் ஆகியவற்றைத் தனித்தனி மதிப்புகளாக எடுத்துத் தருவது.

3. இடைச் சோதனை. இதற்குப் பெயர் மிடில்வேர். லோயர்கேம்ப்பிலிருந்து மலையேறும் லாரி குமுளிக்குள் நுழையுமுன் செக்போஸ்டில் நிற்கிறதல்லவா, அதுபோல ஒவ்வொரு கோரிக்கையும் உள்ளே போகுமுன் வரிசையாக நிற்கும் இடங்கள் இவை. ஆள் யார் என்று பார்ப்பது ஒன்று, பதிவேட்டில் குறிப்பது இன்னொன்று. எந்தச் சாவடியிலும் கோரிக்கையைத் திருப்பி அனுப்பலாம். சாவடிகளின் வரிசை மாறினால் முடிவும் மாறும். ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே அவருக்கு அனுமதி உண்டா என்று கேட்கும்படி வரிசையை அமைத்துவிடுவது, புதிதாக எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

4. பதில் அமைத்தல். விடையைப் பக்கமாகவோ, ஜேசன் என்ற தரவு வடிவிலோ கட்டி அனுப்புவது.

எடை குறைந்தது எப்படி

2004இல் வந்த ரூபி ஆன் ரெயில்ஸும் 2005இல் வந்த ஜாங்கோவும் இந்த நான்கோடு நிற்கவில்லை. தரவுத்தளத்தோடு பேசும் அடுக்கு, அட்டவணையின் அமைப்பை மாற்றும்போது பழைய தரவு கெடாமல் பார்க்கும் ஏற்பாடு, படிவப் பாதுகாப்பு என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் அத்தனையும் ஒரே கட்டில் வந்தன. ஜாங்கோவில் உள்நுழைவும் நிர்வாகத் திரையும்கூட உண்டு.

2007இல் ரூபி மொழியிலேயே சினாட்ரா வந்தது. முகவரியை எழுதி, அதற்குக் கீழே செய்ய வேண்டியதை எழுதினால் போதும் என்றது அது. நாலைந்து வரியில் ஒரு சர்வர் ஓடியது. அந்த எளிமை மற்ற மொழிகளையும் தொட்டது. பைத்தானில் 2010இல் ஃபிளாஸ்க், அதே ஆண்டில், ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் மேல் எக்ஸ்பிரஸ். ஃபிளாஸ்க்கின் பிறப்பு சுவையானது: ஆர்மின் ரொனாக்கர் ஏப்ரல் முட்டாள்கள் தினத்துக்காக வேடிக்கையாக வெளியிட்ட ஒரு குட்டி ஃபிரேம்வொர்க்கைப் பலர் மெய்யென்றே எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்துதான் உண்மையான ஃபிளாஸ்க் வளர்ந்தது. தேவை எவ்வளவு இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆக, எடை குறைந்தது என்றால் மேலே சொன்ன நான்கு வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெளியே எடுத்துவிட்டார்கள் என்று பொருள். வெளியே எடுத்தவை தேவையில்லாதவை அல்ல. ஏலக்காய்க் கடைக்கும் உள்நுழைவு வேண்டும், தரவுத்தளம் வேண்டும், படிவத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். ஜாங்கோவில் அவை கட்டோடு வரும். ஃபிளாஸ்க்கில் ஒவ்வொன்றையும் நீங்கள் தேடி, தேர்ந்து, பொருத்த வேண்டும்.

ஒரு இடத்தை மட்டும் உற்றுப் பார்ப்போம். கடைக்காரர் தன் கணக்கில் உள்நுழைந்திருக்கும்போது, வேறொரு தீய பக்கத்தைத் திறக்கிறார். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாமலே அவருடைய பிரவுசர் வழியாகக் கடை சர்வருக்கு ஒரு "போஸ்ட்" கோரிக்கையை அனுப்ப முடியும். அவர் உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கி என்ற சிறு குறிப்பையும் பிரவுசர் சேர்த்து அனுப்பிவிட்டால், சர்வர் அவரே அனுப்பியதாக நம்பிவிடும். இதைத் தடுக்க ஒவ்வொரு படிவத்திலும் ஒரு ரகசிய அடையாளம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஜாங்கோவில் இந்தச் சரிபார்ப்பு கட்டோடு வருகிறது, படிவத்தில் ஒரு குறியை மட்டும் எழுதினால் போதும். ஃபிளாஸ்க்கின் உள்ளே இது இல்லை. ஃபிளாஸ்க்-டபிள்யூடிஎஃப் போன்ற துணைப்பொதி சேர்க்க வேண்டும். எக்ஸ்பிரஸின் உள்ளேயும் இல்லை. பயிற்சி வகுப்பில் நாலு வரி எழுதிக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதுதான் எனக்குக் கவலை. மாணவர் அந்த நாலு வரியையே வளர்த்துக் கடைக்குக் கொடுத்துவிடுகிறார்.

முக்கியமான சில, அருகில் வைத்து

ஃபிளாஸ்க், கற்றுக்கொள்ள நல்லது என்று தயங்காமல் சொல்வேன். ஒரு கோரிக்கை வருவதும் பதில் போவதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஜின்ஜா என்ற வார்ப்புரு முறை கூடவே வருவதால், தனி முன்தளம் எழுதாமல் நேரடியாகப் பக்கங்களைத் தரலாம். சிறு கடைக்கு அதுவே போதும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உருவாக்கும் காலத்தில் பிழை தேடப் போடும் டீபக் நிலையை வெளியுலகுக்குத் திறந்த சர்வரில் விட்டுவிடக் கூடாது. பிழைப் பக்கத்திலிருந்தே நிரலை ஓட்டும் வசதி அதில் இருக்கிறது. மற்றொன்று, ஃபிளாஸ்க்கின் செஷன் குக்கி கையொப்பமிடப்பட்டது, ஆனால் மறைக்கப்பட்டதல்ல. யாரும் மாற்ற முடியாது, ஆனால் படிக்க முடியும். அதில் ரகசியம் எதையும் வைக்காதீர்கள்.

ஃபாஸ்ட்ஏபிஐயை 2018இல் செபாஸ்தியன் ராமிரெஸ் வெளியிட்டார். இதன் பலம் பெயரில் உள்ள வேகத்தைவிடச் சரிபார்ப்பில் இருக்கிறது. எடை ஒரு எண், தரம் இந்த நான்கில் ஒன்று என்று நிரலிலேயே வகையை எழுதிவிட்டால், எடைக் கட்டத்தில் யாராவது "நாற்பது" என்று எழுத்தில் அனுப்பினால் உங்கள் நிரலைத் தொடுமுன்பே கோரிக்கை திரும்பிப் போகும். எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்ற விவரமும் சேர்ந்தே போகும். அதே வகைக் குறிப்பிலிருந்து, சோதித்துப் பார்க்கத்தக்க ஆவணப் பக்கமும் தானாகவே உருவாகிறது. போன் செயலி எழுதுபவர் கொச்சியிலும் பின்தளம் எழுதுபவர் கம்பத்திலும் இருந்தால் இந்தப் பக்கம் பாதிச் சண்டையைத் தீர்க்கும். ஆனால் பக்கங்களை நேரடியாகக் காட்டும் எளிய தளத்துக்கு இது அவ்வளவு இயல்பான தேர்வு அல்ல.

எக்ஸ்பிரஸின் பெருங்கவர்ச்சி, முன்தளத்துக்குக் கற்ற ஜாவாஸ்கிரிப்டே பின்தளத்துக்கும் உதவுவது. வேலை விளம்பரங்களில் இதன் பெயர் ஓயாமல் வருவதற்கும் அதுவே காரணம். இதன் நான்காம் பதிப்பு 2014இல் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2024இல்தான் நிலைபெற்றது. இடைப்பட்ட பத்தாண்டில் எழுதப்பட்ட பாடங்கள் எல்லாம் நான்காம் பதிப்புக்கானவை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நான்காம் பதிப்பில், ஒத்திசைவற்ற முறையில் (விடைக்காக மற்ற வேலைகளை நிறுத்தி வைக்காமல்) ஓடும் நிரல் துண்டுக்குள் பிழை நேர்ந்தால் அது எக்ஸ்பிரஸின் பிழை கையாளும் இடத்துக்குத் தானாக வந்து சேராது. பயனர் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது சர்வரே விழும். ஐந்தாம் பதிப்பு இதைச் சரிசெய்துவிட்டது. பழைய பாடத்தைப் பார்த்துப் படிக்கிறவர் எந்தப் பதிப்பு என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டிலேயே ஃபாஸ்டிஃபை, தரவின் வடிவத்தை முன்கூட்டியே எழுதச் சொல்லி, அதை வைத்துச் சரிபார்ப்பையும் பதில் கட்டுவதையும் விரைவாக்குகிறது. புதிதாகத் தொடங்கும் நோட் திட்டத்துக்கு எக்ஸ்பிரஸைவிட இதையே நான் விரும்புவேன். ஹோனோ இன்னும் சிறியது, பல வகைச் சர்வர் சூழல்களில் அப்படியே ஓடும். கோ மொழியின் ஜின், எக்கோ போன்றவற்றின் வசதி, முழு நிரலும் ஒரே கோப்பாகத் தொகுக்கப்பட்டுவிடுவது. சர்வரில் அதைப் போட்டு ஓட்டினால் போதும். 2024இல் வந்த கோ 1.22க்குப் பிறகு, மொழியோடு வரும் நூலகமே நல்ல ரவுட்டிங்கைத் தருவதால், சிறு வேலைக்கு ஃபிரேம்வொர்க்கே இல்லாமல் எழுதலாம்.

வேகப் பட்டியலை எப்படிப் படிப்பது

நொடிக்கு எத்தனை கோரிக்கை என்ற பட்டியல்களில் கோ முன்னால் நிற்கும், ஃபிளாஸ்க் பின்னால் நிற்கும். பட்டியல் பொய்யல்ல. ஆனால் அதை நம் கடைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 300 பதிவுகள், 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கோரிக்கை. ஒரு கோரிக்கையில் ஃபிரேம்வொர்க் எடுக்கும் நேரம் 1 மில்லிநொடி, தரவுத்தளம் எடுப்பது 20, மலைமேல் போன் சிக்னல் எடுப்பது 300 என்று கணக்குக்காகக் கொள்வோம். மொத்தம் 321. ஃபிரேம்வொர்க்கைப் பத்து மடங்கு வேகமானதாக மாற்றினால் 320.1 ஆகும். யார் கண்ணுக்கும் அந்த வேறுபாடு தெரியாது. அதே நேரத்தை, தரவுத்தளத்தில் விவசாயியின் எண்ணுக்கு ஒரு இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு போன்ற தேடல் குறிப்பு) போடுவதில் செலவிட்டால், பதிவுகள் லட்சக்கணக்கில் சேர்ந்த பிறகும் தேடல் தாமதிக்காது.

வேகம் பொருட்படுத்த வேண்டிய இடங்களும் உண்டு. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் புத்தடியிலும் போடியிலும் நடக்கிறது. அதுபோல், ஒரே நொடியில் பலர் விலை கேட்டு, எல்லார் திரையும் உடனே மாற வேண்டிய வேலை என்றால் கணக்கு வேறு. அங்கே பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும் திறன் முக்கியம். ஃபிளாஸ்க்கின் பழைய வழியில் ஒரு பணியாளர் செயல்முறை (சர்வரில் ஓடும் நிரலின் ஒரு பிரதி) ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைப் பார்க்கும். நான்கு பணியாளர் என்றால் நான்கு. நோட், ஃபாஸ்ட்ஏபிஐ போன்றவை, ஒரு கோரிக்கை தரவுத்தளத்துக்காகக் காத்திருக்கும்போது அடுத்ததைக் கவனிக்கும். காத்திருப்பு அதிகமுள்ள வேலையில்தான் இந்த முறைக்குப் பலன்.

சார்பு என்ற மறைந்த எடை

நீங்கள் நிறுவுவது ஒரு பொதி, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் கட்டு. அது இழுத்து வருவது பல. ஃபிளாஸ்க் ஆறு பொதிகளைச் சார்ந்திருக்கிறது. பைத்தானின் "பாட்டில்" என்ற ஃபிரேம்வொர்க் ஒரே ஒரு கோப்பு, வெளிச் சார்பு ஏதும் இல்லை. எக்ஸ்பிரஸின் நேரடிச் சார்புகளே முப்பது அளவில் வரும், அவற்றின் சார்புகள் வேறு. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பொதியை அதன் ஆசிரியர் நீக்கியபோது, அதை எங்கோ அடியில் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்கள் உலகெங்கும் கட்ட முடியாமல் நின்றன. மேலே பார்க்க எடை குறைந்தது அடியில் எவ்வளவு கனக்கிறது என்று நிறுவுமுன் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆயுளும் ஒரு சார்புதான். பிஎச்பி மொழியில் லாராவெல் என்ற பெரிய ஃபிரேம்வொர்க்கின் தம்பியாக 2015இல் வந்த லூமெனில் பலர் எழுதினார்கள். இன்று அதை உருவாக்கியவர்களே புதிய திட்டத்துக்கு லூமென் வேண்டாம், லாராவெல்லையே எடுங்கள் என்று ஆவணத்தில் எழுதிவிட்டார்கள்.

கடைக்கு எது?

தேர்வுக்கு முன் கேட்க வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்:

1. எழுதியவர் கொச்சிக்கு வேலைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பார்கள்? சுற்றுவட்டாரத்தில் நாலு பேருக்குத் தெரிந்த மொழி எது? மலையடிவார ஊர்களில் மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இது பெரியது. கோ எவ்வளவு நன்றாக இருந்தாலும், பழுதுபார்க்கக் கம்பத்தில் ஆள் இல்லையென்றால் கடைக்கு அது உதவாது.

2. எங்கே ஓடும்? சில இலவசச் சர்வர்களில், நிரல் மீண்டும் தொடங்கும்போது அதன் வட்டு அழிக்கப்படும். எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒரு கோப்பு என்பதால் கணக்கு முழுவதும் அதோடு போய்விடும். நிலையான வட்டுள்ள சிறிய வாடகைச் சர்வர் என்றால் எஸ்க்யூலைட் இந்த அளவு வேலைக்குத் தாராளம்.

3. பக்கமா, தரவு மட்டுமா? முன்னதற்கு ஃபிளாஸ்க், பின்னதற்கு ஃபாஸ்ட்ஏபிஐ அல்லது ஃபாஸ்டிஃபை.

கடைக்காரரே விலையையும் பெயரையும் திருத்த நிர்வாகத் திரை வேண்டும், நாலைந்து ஊழியர்களுக்கு வெவ்வேறு அனுமதி வேண்டும் என்றால், சிறியதைத் தேடுவதை நிறுத்திவிட்டு ஜாங்கோவை எடுக்கச் சொல்வேன். ஃபிளாஸ்க்கோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கடைசியில் அரைகுறை ஜாங்கோ ஒன்றைக் கட்டி முடிப்பதைவிட அது மேல்.

எந்த ஃபிரேம்வொர்க்கும் தராதவை

இரட்டைப் பதிவு. கம்பம்மெட்டு வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டு வரும். பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, "சேமித்தாயிற்று" என்ற பதில் மட்டும் வழியில் நின்றுவிட்டது. ஊழியர் மறுபடி அழுத்துகிறார். 42.350 கிலோ இரண்டு முறை ஏறிவிடுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி, தரவுத்தளத்தில் அந்த எண் திரும்ப வரக்கூடாது என்று கட்டுப்பாடு வைக்க வேண்டும். இரண்டாம் முறை வந்தால் முந்தைய பதிலையே திருப்பித் தர வேண்டும்.

பணக்கணக்கு. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். எடையைக் கிராமாகவும் தொகையைப் பைசாவாகவும் முழு எண்ணில் சேமியுங்கள்.

எழுத்து. "ஏலக்காய்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் எட்டுக் குறிகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 24 பைட். ஃபிளாஸ்க் தன் இயல்பு நிலையில் ஜேசன் அனுப்பும்போது ஒவ்வொரு குறியையும் ஆறு எழுத்துள்ள குறியீடாக மாற்றுவதால் அது 48 ஆகும். போனில் சரியாகவே தெரியும், ஆனால் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பிழை தேடுபவருக்குத் தமிழும் மலையாளமும் எண் குவியலாகத் தெரியும். ஒரு அமைப்பை மாற்றினால் தீரும். ஃபாஸ்ட்ஏபிஐயும் எக்ஸ்பிரஸும் எழுத்தை எழுத்தாகவே அனுப்புகின்றன. பெயர்க் கட்டத்துக்கு 12 என்று நீள வரம்பு வைத்தால், எட்டு எழுத்துள்ள "கிருஷ்ணமூர்த்தி" பதினைந்து குறிகளாக எண்ணப்பட்டுத் திருப்பி அனுப்பப்படும்.

தேதி. கடைக்காரருக்கு மலைமேல் தோட்டமும் இருந்து, விடியற்காலையில் ஜீப் ஏறும் ஆட்களின் வருகையையும் இதே மென்பொருளில் பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 5 மணிக்குப் பதிந்த வருகை சர்வரில் முந்தைய நாள் இரவு 11.30. மாதம் 1ஆம் தேதி அப்படிப் பதிந்தால், காயெடுக்கப் போன பெண்ணின் அன்றைய கூலி போன மாதக் கணக்கில் ஏறிவிடும். அந்தக் கணக்கு ஏற்கெனவே முடித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். நேரத்தைப் பொது நேரத்திலேயே சேமித்து, நாளைப் பிரிக்குமுன் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். கடைக்குக் கொடுக்குமுன் ஒருமுறை, காலை 5.29க்கும் 5.31க்கும் இரண்டு பதிவுகள் போட்டு, இரண்டும் ஒரே தேதியில் விழுகின்றனவா என்று பாருங்கள்.